படவேட்டம்மன் மூக்கில் ராகுவின் கல்

எல்லம்மாளின் மூக்கில் மூக்குத்தி இல்லை. துளை தூர்ந்துவிடக் கூடாதென்று ஒரு வேப்பங்குச்சியைச் செருகியிருந்தாள். ஜல்லி உடைக்கும்போது வியர்வை பட்டு எரியும். ஆனாலும் எடுக்கமாட்டாள். அவளுடைய மூக்குத்தியின் பொன் முழுவதும் உத்திரமேரூர் பத்தரின் உமியோட்டு நெருப்பில் உருகிப் போயிருந்தது. எல்லாம் ஒரு சிவப்புக் கல்லுக்காக.

செங்கல்பட்டு பஸ் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது அந்தக் குவாரி. அங்கே கருங்கல்லைப் பிளந்தால் உள்ளே மாதுளை முத்து மாதிரி சிவப்புப் பொட்டுகள் தெரியும். சுத்தி பட்டதும் பெரும்பாலும் தூளாகிவிடும். முழுசாகக் கழன்று விழுவதிலும் கீறல் ஓடியிருக்கும். மற்றப் பெண்கள் அதைச் சட்டை செய்வதில்லை. எல்லம்மாள் மட்டும் ஒவ்வொன்றையும் எச்சில் தொட்டுத் துடைத்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்ப்பாள்.

"நவரத்தினம் தேடிக்கினு கீறாடி எந்தங்கச்சி. கெடைச்சா எனக்கு ஒரு அட்டிகை பண்ணிப் போடுவா," என்பாள் பக்கத்தில் உட்கார்ந்து உடைக்கும் அக்கா ஜெயம்மாள்.

எழுபத்தெட்டாம் வருஷம் கோடையில் ஒரு நாள், பாறையில் வைத்த வெடிகளில் ஒன்று வெடிக்கவில்லை. வெடி வைப்பவன் எல்லம்மாளின் புருஷன் சேட்டு. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். திரி அணைந்துபோயிருக்கும் என்று நினைத்துப் பாறைமேல் ஏறினான். அந்த நேரத்தில், தள்ளி இருந்த கீற்றுக் கொட்டகையில் எல்லம்மாள் உடைத்த கல்லிலிருந்து கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு சிவப்பு உருண்டு விழுந்தது. வெயிலில் பிடித்தாள். ஒரு கீறல் இல்லை. உள்ளே ஒரு சொட்டு நெருப்பு நின்றது.

"யோவ்! இங்க வாய்யா! இத்த வந்து பாரு!"

"வேலை கீதுமே. அப்பால பாக்கறேன்."

"இப்போ வரியா இன்னா?"

முனகிக்கொண்டே இறங்கி வந்தான். கொட்டகைக்குள் குனிந்து நுழையும்போது பின்னால் பாறை வெடித்தது. அவன் கால் வைத்திருந்த இடம் அப்படியே பெயர்ந்து கிடந்தது. சேட்டு கல்லைப் பார்க்கவில்லை, தரையில் உட்கார்ந்துவிட்டான். எல்லம்மாள் கையை இறுக மூடிக்கொண்டு, "தாயே படவேட்டம்மா, இந்தக் கல்லு ஒம் மூக்குக்குத்தான்," என்றாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை அவள் காட்டியும் சேட்டு அந்தக் கல்லைப் பார்க்க மறுத்தான். அந்தப் பேச்சை எடுத்தாலே அவனுக்குக் காதில் வெடிச் சத்தம் கேட்டது.

காஞ்சிபுரத்தில் சாணை பிடித்து, பத்தரிடம் கொடுத்துப் பதித்து, மறு வருஷம் ஆடி மாதம் படவேட்டம்மன் கோயிலுக்கு எடுத்துப் போனாள். தர்மகர்த்தா நமச்சிவாயம் உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார்.

"நல்லா கீதே! இன்னா கல்லும்மா இது?"

"தெரியல நைனா. நம்ம குவாரிக் கல்லு."

ஜெயம்மாள் தன் மகனை முன்னால் தள்ளினாள். "எம் புள்ளை மெட்ராஸ்ல கல்லைப் பத்திதான் படிச்சிட்டு வந்துகீறான். சொல்லுடா முத்துவேலு."

அவர்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள் முத்துவேல். வேலை எப்போது என்று கேட்பவர்கள்தான் இதுவரை உண்டு. அவன் படித்ததைப் பற்றி ஒருவர் கேட்பது இதுவே முதல் தடவை. அவன் படித்த தமிழ் நிலவியல் புத்தகத்தில் அந்தக் கல்லுக்கு என்ன பெயரோ அதை உரக்கச் சொன்னான்.

"கோமேதகம்."

பூசாரி ஓர் அடி பின்னால் போனார். நமச்சிவாயத்தின் முகம் மாறிவிட்டது.

"அது ராகுவோட கல்லாச்சே! ஜாதகம் பாத்து மோதிரத்துல போடறதுக்கே ஜனங்க பயப்படுது. அத்த அம்மன் மூக்குல வெச்சா ஊருக்கு ஆவுமா? எடுத்துக்கினு போம்மா. நானே ஒரு கெம்புக் கல்லு வாங்கித் தரேன், அத்தப் பதிச்சிக் குடு. ஒம் பேருலயே இருக்கட்டும்."

"கெம்பு எம் புருசனக் கீழ கூப்புடலையே நைனா," என்றாள் எல்லம்மாள். மூக்குத்தியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அன்று சாயங்காலம் முத்துவேல் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"சின்னம்மா, ஜோசியக்காரங்க சொல்ற கோமேதகம் தேன் கலர்ல இருக்கும். இது செவப்பு. ரெண்டும் ஒரே குடும்பம், அவ்ளோதான். நான் போயி, தப்பா சொல்லிட்டேன், இது வேறன்னு சொல்லிடறேன்."

"நீ சொன்னது பொய்யாடா?"

"பொய் இல்ல. எங்க புக்குல அதான் பேரு."

"பின்ன எதுக்குப் பேரை மாத்திக் குடுக்கணும்? அம்மனுக்குத் தெரியாதா?" முந்தானை முடிச்சை அவிழ்த்து மூக்குத்தியை அவனிடம் நீட்டினாள். "இது எப்படிடா உண்டாச்சு?"

"பூமிக்கு அடியில, ரொம்ப ஆழத்துல. பயங்கரமான சூட்டுல, மேல இருக்கற பாறையோட பாரத்துல வெளைஞ்சது. பல கோடி வருசம் ஆவுது. மனுசனே அப்போ கெடையாது."

"ஜோசியக்காரன்?"

"அவன் ஏது!"

"அப்போ ராகுவோடதுன்னு இதுக்கு எவன் சொன்னான்?"

முத்துவேல் புத்தகத்தில் இருக்கிறதா என்று யோசித்தான். இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை, குவாரியிலிருந்து திரும்பும்போது, பஸ்ஸிலிருந்து பெண்கள் எலுமிச்சம்பழப் பையோடு இறங்குவதை எல்லம்மாள் பார்த்தாள். ராகு காலத்தில் படவேட்டம்மனுக்கு எலுமிச்சை மூடியில் விளக்கு ஏற்றும் வழக்கம் அண்மையில்தான் அந்தப் பக்கம் பரவியிருந்தது. வாரா வாரம் அவள் பார்க்கிற கூட்டம்தான். அன்றைக்கு நின்று பார்த்தாள். பிறகு கல்தூசியோடு அப்படியே அவர்கள் பின்னால் நடந்தாள். வழியில் புருஷனையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

கோயிலில் நமச்சிவாயத்தின் மனைவி ஆண்டாளம்மாளே விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். நமச்சிவாயம் பக்கத்தில் நின்றார்.

"நைனா, ஒரு வார்த்தை. இந்த வெளக்கெல்லாம் எதுக்கு ஏத்தறாங்கோ?"

"ராகு தோசம் போவறதுக்கு. தெரியாத மாதிரி கேக்கறியே?"

"ராகுவுக்கு உண்டானதை இவகிட்ட ஏன் எடுத்தாராங்கோ?"

"ராகுவ அடக்கறவ இவதானே!"

"அப்படின்னா அவனோட கல்லை இவகிட்ட குடுக்காம, என்னிய எங்க எடுத்துக்கினு போவச் சொல்ற நைனா?"

விளக்கு ஏற்றிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். நமச்சிவாயம் தொண்டையைச் செருமினார்.

"நாளைக்கு ஊர்ல ஏதுனா ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா எங்கிட்ட வா. நானே வந்து கழட்டறேன். ஆவறதுக்கு முன்னாடி கழட்டமாட்டேன்."

ஆண்டாளம்மாள் கையிலிருந்த தீக்குச்சியை அணைத்தாள். "வாங்கி மாட்டுங்க பூசாரி. அவ கேக்கறது ஞாயந்தானே? நானும் பயந்துகினுதான் இங்க வரேன். பயத்தை இங்க வுட்டுட்டுத்தானே போறேன்?"

பூசாரி நமச்சிவாயத்தைப் பார்த்தார். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

மூக்குத்தி ஏறியது. கருவறை இருட்டில் கல் கறுப்பாகத்தான் இருந்தது. பூசாரி கற்பூரத்தட்டை உயர்த்தினார். அம்மனின் மூக்கருகே ஒரு சொட்டு நெருப்பு பற்றிக்கொண்டது.

சேட்டு தூணைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றான். எல்லம்மாள் முழங்கையால் இடித்தாள்.

"அன்னிக்குக் கூப்புட்டேனே, இதுக்குத்தான். இப்பவாச்சும் பாருய்யா."

சேட்டு நிமிர்ந்து பார்த்தான்.