அட்டைக்கு உப்பு

பிற்பகல் இரண்டு இருபது. ஹட்டன் திரையரங்கின் படியில் நான் முதலில் கண்டது ஒரு ஜோடி வெள்ளைச் செருப்பு. அத்தை படியில் உட்கார்ந்து, காலில் இருந்த சேற்றைப் பழைய துணியால் துடைத்துவிட்டு, பையிலிருந்து அவற்றை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். தாயில்லாத என்னை வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வளர்த்தவர். அவருக்குப் பிடித்த பாடகர் முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த படம் அது. வரச்சொன்னவன் நான். அதற்காக அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்பார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நிற்காதவருக்கு அன்று பேர் விழாது.

கொழும்பிலிருந்து எங்கள் பத்திரிகையின் புகைப்படக்காரரும் இன்னொரு நிருபரும் வருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தார்கள். அத்தையிடம், "நீங்க முன்னால உக்காருங்க, நல்லாத் தெரியும்" என்றேன். நான் அவருக்கு நேர் பின்வரிசையில், அவர்களோடு உட்கார்ந்தேன்.

பயம் வந்தால் பாடத் தொடங்கிவிடும் சமையல்காரனின் கதை. பொலிஸ் நிலையத்தில் அவன் பாடிக்கொண்டே ஒற்றைக் காலில் துள்ளினான். அத்தை எழுந்து நின்று கத்தினார்.

"அடே, கால்ல அட்ட ஏறிருச்சு! யாராச்சும் உப்பக் குடுங்கடா!"

அரங்கமே வெடித்துச் சிரித்தது. புகைப்படக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாரப்பா அந்த அம்மா?" என்றார்.

"யாரோ தோட்டத்து அம்மா" என்றேன்.

அத்தையின் தலை பாதி திரும்பியது. பிறகு நேராகிவிட்டது. இடைவேளை முடிந்து விளக்கு அணைந்தபோது அவருடைய இருக்கை காலியாக இருந்தது.

விமர்சனம் எழுதினேன். அந்த உப்பையே தலைப்பாகவும் வைத்தேன். உள்ளே, 'முன்வரிசையிலிருந்த தோட்டப் பெண் ஒருவர்' என்று எழுதினேன். பலர் பாராட்டினார்கள்.

அடுத்த ஞாயிறு லயத்துக்குப் போனேன். அத்தை பத்திரிகையைப் படித்திருந்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்க, மருமகனே. எனக்குப் பேர் மட்டும் போடல. வராதவளுக்கு எப்பிடிப் போடுறது, என்னா?"

சிரித்தார். தேநீர் ஊற்றித் தந்தார். மன்னிப்புக் கேட்க வந்தவன், மழையைப் பற்றிப் பேசிவிட்டு பஸ் ஏறினேன்.

அந்தப் படத்தைப் போன வாரம் தொலைக்காட்சியில் போட்டார்கள். நான் அப்போது அத்தை வீட்டில் இருந்தேன். சமையல்காரன் துள்ளும் இடம் வந்ததும் அவர் எழுந்து விறகெடுக்கப் போனார். கதவுக்குப் பின்னால் அந்த வெள்ளைச் செருப்பு இருந்தது. அடியில் விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது.