ரெஜிஸ்டரில் வளர்ந்த சீனக் கொடி

1. ஊறுகாய் பாட்டிலில் பனிக்காலம்

தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் நான் லேப் அட்டெண்டராகச் சேர்ந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். டெம்ப்ரரி. ஸ்லைடு துடைப்பது, தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவது, பேராசிரியரின் மூக்குக் கண்ணாடியைத் தேடித் தருவது ஆகியவை என் பொறுப்புகள். மூன்றாவதில்தான் எனக்கு நல்ல பெயர்.

துறைத் தலைவர் பேராசிரியர் தேவசகாயம். ஒரு நாள் சின்னக் காகிதப் பொட்டலம் ஒன்றை என் கையில் வைத்தார். உள்ளே பன்னிரண்டு விதைகள்.

"சீனாவுல மருந்துக்குப் பயன்படுத்துற கொடி, வேணு. பேரு ஷிசாண்ட்ரா. ஒரே பழத்துல அஞ்சு சுவை இருக்காம். இருமலுக்குக் குடுப்பாங்களாம். ஃப்ரெண்ட் ஒருத்தர் வெளிநாட்டுலேர்ந்து கொண்டாந்தார். குளிர் நாட்டுச் செடி. மூணு மாசம் ஃப்ரிட்ஜ்ல வச்சு அப்புறம் விதைக்கணும்."

விதைகளை ஈர மணலில் கலந்து, ஊறுகாய் பாட்டிலில் போட்டு, துறையின் ஃப்ரிட்ஜில் வைத்தேன். பக்கத்தில் என் தயிர்சாதம். தாம்பரத்தில் அப்போது கரண்ட் வருவதைவிடப் போவதுதான் அதிகம். வாரத்தில் நாலு நாள் விதைகளுக்குச் சீனப் பனிக்காலம், மூன்று நாள் சித்திரை வெயில்.

விதைக்கும் வாரம் பார்த்துப் பேராசிரியர் பாத்ரூமில் வழுக்கி விழுந்து, கால் முழுக்க மாவுக்கட்டோடு சேலையூர் வீட்டில் படுத்துவிட்டார். அங்கிருந்து ஒரு தாள் வந்தது. கொடியின் இலை, காம்பு, பூ, பழம் எப்படி இருக்கும் என்று தட்டச்சு செய்த விவரம். "வாரா வாரம் ரெஜிஸ்டர்ல அப்சர்வேஷன் எழுதி எடுத்துட்டு வா" என்று சொல்லியனுப்பினார்.

2. நான் கண்ட ஐந்து சுவை

தொட்டிக்கு எரு வேண்டியிருந்தது. துறையைப் பெருக்கும் கன்னியம்மா பம்மலில் இரண்டு மாடு வைத்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். வாய் மட்டும் பத்து வயது மூப்பு. ஒரு கூடை எரு கொண்டுவந்து கொட்டினாள்.

விதைத்தேன். தொட்டி சூடாகாமல் இருக்க, மீன் மார்க்கெட்டிலிருந்து தினமும் ஐஸ் வாங்கி வந்து தொட்டியைச் சுற்றி அடுக்கினேன். வாசனைக்குக் கல்லூரிப் பூனைகள் அத்தனையும் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்தன.

"இன்னா சார், செடி வளக்கிறியா, பூனை வளக்கிறியா?"

"சும்மா இரு கன்னியம்மா. இது சீனாச் செடி."

பத்தாம் நாள் முளைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மாதத்தில் குச்சியைப் பிடித்து ஏறி ஜன்னல் கம்பியைச் சுற்றியது. தாளில் இலை வழவழப்பாக இருக்கும் என்று போட்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன், உப்புத்தாள் போலச் சொரசொரத்தது. தாம்பரத்துத் தூசி என்று முடிவு செய்து, ரெஜிஸ்டரில் 'வழவழப்பான இலை' என்று எழுதினேன். தாளில் முட்டை வடிவம் என்று இருந்தது. என் இலைக்கு ஐந்து மூலை. 'ஏறத்தாழ முட்டை வடிவம்' என்று எழுதினேன். அந்த 'ஏறத்தாழ'வுக்காக என் மனசாட்சி எனக்கு நன்றி சொன்னது.

மூன்று வருடம் கழித்துத்தான் காய்க்கும் என்றது தாள். என் கொடி இரண்டே மாதத்தில் காய்த்துச் சிவந்தது. அது என் கைராசி என்று எடுத்துக்கொண்டேன். ஒரு பழத்தை வாயில் போட்டேன். கசப்பு உடனே தெரிந்தது. மற்ற நான்கையும் நின்று நிதானமாகத் தேடினேன். உப்பு கடைசியாகக் கிடைத்தது. இப்போது யோசித்தால் அது என் மீசை வியர்வை. 'ஐந்து சுவையும் தெளிவாக உள்ளன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பேராசிரியர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"தாம்பரம் வெயில்ல இதைக் காய்க்க வச்சிருக்கியேய்யா! நீ டெம்ப்ரரியா இருக்கிற ஆளே இல்ல. பிரின்சிபாலுக்கு லெட்டர் எழுதிட்டேன். திங்கக்கிழமை கமிட்டி வந்து செடியைப் பாக்குது. அன்னைக்கே உன்னை பர்மனென்ட் பண்ணச் சொல்லியிருக்கேன். அப்புறம், இதைப் பத்தி ஒரு ஜர்னலுக்கு எழுதப்போறேன். ஆதர்ஸ்ல உன் பேரும் வரும்."

சைக்கிளில் திரும்பும்போது என் பெயரை ஆங்கிலத்தில் எப்படிப் போட்டால் கம்பீரமாக இருக்கும் என்று யோசித்ததில் ஒரு பஸ் டிரைவரிடம் திட்டு வாங்கினேன்.

3. வெள்ளிக்கிழமை அடை

ஐஸ் தூக்கித் தூக்கி எனக்கு இருமல் பிடித்திருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் கன்னியம்மா தூக்குச் சட்டியோடு வந்தாள்.

"லொக்கு லொக்குன்னு காது கிழியுது. இந்தா, இத்த துன்னு."

மிளகு போட்ட அடை. பச்சை நிறம். மூன்று தின்றேன். தொண்டை இதமாக இருந்தது.

"பிரமாதம். என்ன கீரை இது?"

"முசுமுசுக்க. இருமலுக்கு அதான சார் மருந்து. எங்க வூட்டு வேலில மாடு மேஞ்சிட்ச்சு. அதான் காலைல உன் தொட்டிலேர்ந்து பறிச்சிக்கினு போனேன்."

நான் ஓடினேன். ஜன்னல் கம்பியில் வெறும் கொடி. உச்சியில் நாலு இலையும் சில பழங்களும் மட்டும்.

"அடிப்பாவி! அது ஷிசாண்ட்ரா!"

"இன்னா சாண்ட்ராவோ. வேலிக்கு வேலி கீது. இலைய தொட்டா தெரியாது? நான் போட்ட எருவுல வெத இருந்திருக்கும். நீ ஆசையா வளக்கிறியேன்னு கம்முனு இருந்தேன்."

தொட்டி மண்ணைக் கிளறினேன். பன்னிரண்டு விதைகளும் கிடைத்தன. அழுகிப்போய், ஒன்றுகூட முளை விடாமல்.

என் முகத்தைப் பார்த்துக் கன்னியம்மா குரலைத் தாழ்த்தினாள். "கமிட்டிக்காரங்களுக்கு இன்னா தெரியப்போவுது? நான் வாயத் தொறக்க மாட்டேன் சார். வேல கெடைக்கட்டும் உனுக்கு."

அவள் சொன்னது சரிதான். கமிட்டியில் இருந்தவர்கள் கணக்கு, ஆங்கிலம், வேதியியல். கறிவேப்பிலையைக் காட்டிச் சீனக் கொடி என்றாலும் தலையாட்டுவார்கள். ஆனால் ஜர்னல் படிக்கிறவர்கள் தலையாட்ட மாட்டார்கள். அதில் என் பெயருக்கு முன்னால் பேராசிரியரின் பெயர் இருக்கும்.

4. சேலையூர்

சனிக்கிழமை காலை, மிச்சமிருந்த இரண்டு அடையோடு போனேன். அவை எதற்கு என்று எனக்கே தெரியாது. வெறுங்கையோடு போகப் பயமாக இருந்தது.

நடந்ததைச் சொன்னேன். பேராசிரியர் கேட்க ஆரம்பித்தார்.

"இலை எப்படி இருந்துச்சு?"

"சொரசொரன்னு சார்."

"ரெஜிஸ்டர்ல?"

"வழவழன்னு சார்."

"ஏன்?"

"தாள்ல அப்படித்தான் சார் இருந்துச்சு."

"தாள்லயே எல்லாம் இருந்தா உன்னை எதுக்குய்யா வச்சிருக்கேன்?"

பிறகு ஒரு துண்டு அடையைப் பிய்த்து வாயில் போட்டார். "அஞ்சு சுவையாம்" என்று முனகினார். சிரித்தாரா, இருமினாரா என்று கட்டில் குலுங்கியதை வைத்துச் சொல்ல முடியவில்லை. "லெட்டரை வாபஸ் வாங்கறேன். கமிட்டிகிட்ட நீயே சொல்லு" என்றார்.

திங்கட்கிழமை அந்த மொட்டைக் கொடியின் பக்கத்தில் நின்று, "ஐயா, இது முசுமுசுக்கை. சீனச் செடி முளைக்கல" என்றேன். கணக்குக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இதைக் காட்டவா கூப்ட்டீங்க?" என்றார். ஐந்து நிமிடத்தில் போய்விட்டார்கள். அவர்களோடு என் பர்மனென்ட்டும் போனது.

அடுத்த இரண்டு வருடம் எனக்குப் பேராசிரியர் கொடுத்த ஒரு தண்டனை. தோட்டத்தில் இருந்த ஒவ்வொரு செடியையும், புத்தகத்தைத் திறக்காமல், தொட்டு, முகர்ந்து, பார்த்து எழுத வேண்டும். கன்னியம்மா பெருக்கிக்கொண்டே எட்டிப் பார்த்து, "தப்பு சார், அதுக்குப் பால் வரும், கிள்ளிப் பாரு" என்பாள். கிள்ளினால் பால் வரும்.

பேராசிரியர் ஜர்னலுக்கு எழுதுவதையும் விடவில்லை. அரைப் பக்கக் குறிப்பு. இன்ன முறையில் குளிரூட்டி, இன்ன மண்ணில் விதைத்த பன்னிரண்டு ஷிசாண்ட்ரா விதைகளில் தாம்பரத்தில் ஒன்றும் முளைக்கவில்லை. கரண்ட் போனதைக்கூட மறைக்கவில்லை. கீழே அவர் பெயர், அடுத்து என் பெயர்.

இரண்டு வருடம் கழித்து நிரந்தரப் பணிக்கான இன்டர்வியூவில், "இதுவரை என்ன செஞ்சிருக்கீங்க?" என்று கேட்டார்கள். அந்த அரைப் பக்கத்தை நீட்டினேன். படித்தவர் நிமிர்ந்தார்.

"ஒண்ணும் முளைக்கலைன்னு போட்டிருக்கு?"

"ஆமா சார். நானே தோண்டிப் பார்த்தேன்."

வேலை கிடைத்தது. லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: முளைக்காததை முளைக்கவில்லை என்று எழுதுங்கள். சம்பளம் அதற்குத்தான்.