ரெண்டு ஷாக் வைத்த லேடீஸ் சைக்கிள்

சைக்கிள் விற்கிறவளுக்கு சைக்கிளைப் பற்றித் தெரிந்தால் மட்டும் போதாது. வாங்க வருகிறவருக்குத் துணையாக வருகிறவரைச் சமாளிக்கவும் தெரிய வேண்டும். திருத்தணி ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் நானும் என் வீட்டுக்காரரும் கடை வைத்திருக்கிறோம். அத்தை மகன் என்பதால் கல்யாணத்துக்கு முன்பும் அவர் பாவா, பின்பும் பாவா. ஸ்பேனர் அவர் கையில், பேச்சு என் வாயில். கவுண்டருக்குப் பின்னால் நின்று, சிரித்த முகத்தோடு பல்லைக் கடிக்கப் பழகியவர்கள் துணி விற்றாலும் சரி, மருந்து விற்றாலும் சரி, இதைப் படித்தால் "நம்ம கதைதான்" என்பார்கள்.

கூடை எங்கே?

ஜமுனா டீச்சர் ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. ஞாயிறு காலையில் கே.ஜி.கண்டிகைக்குப் பின்னால் இருக்கும் கல்லுக் குன்றில் சைக்கிள் ஓட்டுவார். அண்ணன் ஓட்டிய பழைய வண்டி. அண்ணன் ஆறடி, டீச்சர் ஐந்தடி. ஒரே இறக்கத்தில் இரண்டு முறை விழுந்து, இரண்டாம் முறை காறை எலும்பு முறிந்துவிட்டது.

"எலும்பு கூடிட்டுதுக்கா. ஆனா வீட்ல வாக்கு குடுத்துட்டேன், மூணாவது தடவ விழுந்தா சைக்கிள விட்டுடறேன்னு. நானா சொன்னது, மாத்திப் பேச மாட்டேன்" என்றார். சொல்லிவிட்டு, கடையில் நின்ற வண்டிகளின் ஹேண்டில்பாரை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். அந்தக் குன்று அவருக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அப்படியானால் முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர் உள்ள ஃபுல் சஸ்பென்ஷன் வண்டிதான் என்றேன். கல்லில் சக்கரங்கள் மட்டும் ஏறி இறங்கும், சீட்டில் இருப்பவரைத் தூக்கி எறியாது. பத்து நிமிஷம் தொண்டை வறள விளக்கினேன். துணைக்கு வந்திருந்த அவர் கணவர் பாஸ்கர், போனில் நான் காட்டிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "லேடீஸ் சைக்கிள்தானே கேட்டோம்? கூடை எங்கங்க?"

இஞ்ச் டேப்

பெண்களுக்கென்றே தனியாக எழுதி வருகிற வண்டிகளும் உண்டு. அவற்றில் பல, அதே வண்டிதான். பெயிண்ட் மட்டும் ரோஸ். எனக்குக் கோபம் வரும். பார்க்க வேண்டியது நிறத்தையா? கால் எவ்வளவு நீளம், கை ஹேண்டில்பாரை எட்டுகிறதா, பிரேக் விரலுக்கு அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

பாவா டீச்சரைக் கண்ணாலேயே அளந்து "மீடியம்" என்றார். அவர் கண் எனக்குத் தெரியும். எனக்கு அவர் வாங்கி வந்த செருப்பை மூன்று முறை மாற்றியிருக்கிறேன். பக்கத்துக் கடை டெய்லரிடம் இஞ்ச் டேப் வாங்கி வந்து, டீச்சரைச் சுவரோடு நிற்க வைத்துக் காலின் உள்ளளவு எடுத்தேன். ஸ்மால்தான். டேப்பைக் கேட்டு வந்த டெய்லர் வாசலிலேயே நின்றுவிட்டார்: "இன்னாக்கா, எனக்கே போட்டியா கடை போட்டுகினு இருக்கீங்க?"

மூட்டு வலி

வண்டி வந்து இறங்கிய அன்று கடையில் வேறு வேலை ஓடவில்லை. வந்தவர்கள் எல்லாம் சீட்டை அமுக்கிப் பார்த்தார்கள். மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கும் குருமூர்த்தி ஐயா தன் பழைய வண்டிக்குக் காற்றடிக்க வந்தார். அவரும் அமுக்கினார். சீட்டு கீழே போய் மேலே வந்ததும் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

மேட்டில் ஏறும்போது இந்த லீவரைத் தட்டினால் ஆட்டம் நிற்கும், இறங்கும்போது தளர்த்திவிட்டால் குலுக்கல் உடம்புக்கு வராது என்று அவருக்கும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு மலை இருக்கும் திசையில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சொன்னார்: "படி ஏறி மூட்டு வலிச்சாத்தாம்மா வேண்டுதல். இதுல போனா முருகன் கணக்குலயே சேத்துக்க மாட்டார்."

ஐம்பத்திரண்டு

வாடிக்கையாளரிடம் கேட்கக்கூடாத கேள்விகள் எல்லாத் தொழிலிலும் உண்டு. எங்கள் தொழிலில் அதைக் கேட்டே ஆக வேண்டும். இந்த வண்டியின் பின் ஷாக்கில் ஸ்பிரிங் கிடையாது, காற்றுதான். ஆளின் எடைக்குத் தக்கபடி அடிக்க வேண்டும். கூடினால் கட்டை வண்டியாகக் குலுக்கும். குறைந்தால் பொத்தென்று அமுங்கி, பெடல் கல்லில் இடிக்கும். வழக்கமாக ஆளை உட்கார வைத்து எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்து பார்ப்போம். வண்டியை எடுக்க வந்த அன்று பள்ளியில் விழா. டீச்சர் நேராகப் புடவையில் வந்துவிட்டார். எடையைக் கேட்டு, அட்டவணையைப் பார்த்து அடித்துவிடலாம் என்று இருந்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான்.

"எடை எவ்ளோ டீச்சர்?" என்றேன். கடையில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். "அம்பத்திரெண்டு" என்றார், கண் இமைக்காமல். பாஸ்கர் சட்டென்று திரும்பி, சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார்.

பாவா ஐம்பத்திரண்டுக்கு அடித்துக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு மதியமே டீச்சர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார், பின்னாலேயே பாஸ்கர். பெடலில் கல் இடித்து ஒரு ஓரம் சிதைந்திருந்தது. டீச்சர் வண்டியை ஸ்டாண்டில் சாய்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "விழலக்கா, கால ஊனிட்டேன். ஆனா அடுத்த தடவ விழுந்துடுவேன். எனக்கு இது வேணாம்."

வெல்லம்

நான் விற்ற வண்டியால் ஒருத்தி ஓட்டுவதையே விட்டுவிடப் போகிறாள். ஆனால் தேர்ந்தெடுத்த வண்டி சரியானது என்பதில் அப்போதும் எனக்குச் சந்தேகமே இல்லை. டீச்சர் டிராக் பேண்ட்டில் இருந்ததால் சீட்டில் உட்காரச் சொன்னேன். கால்வாசி அமுங்க வேண்டிய ஷாக் பாதிக்கு அமுங்கியது. காற்றைப் பார்த்தால் அடித்தது அடித்தபடியே இருக்கிறது. "ஷாக் பூட்சி, திருப்பி அனுப்பிடலாம்" என்றார் பாவா.

அந்த நேரம் பார்த்து குருமூர்த்தி ஐயா பஞ்சரான வண்டியோடு வந்தார். டீச்சரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "அடடே, நம்ம டீச்சரம்மா! எலும்பு கூடிடுச்சின்னு போன மாசம் துலாபாரம் குடுத்தீங்களே! அறுபத்தி நாலு கிலோ வெல்லம். நல்ல வெல்லம்மா. பாகு வெச்சதே நான்தான்."

பாவா வாயைத் திறந்தார். நான் முறைத்ததும் மூடிக்கொண்டார். "அன்னைக்கு பட்டுப்புடவை கட்டிகினு இருந்தேன்க்கா" என்றார் டீச்சர். பன்னிரண்டு கிலோ பட்டு! அறுபத்து நாலுக்கு அடித்து, தண்ணீர் பாட்டிலுக்கும் பைக்கும் கொஞ்சம் சேர்த்து, மறுபடி உட்கார வைத்தேன். கால்வாசியில் கச்சிதமாக நின்றது. டீச்சர் வண்டியை வெளியே எடுத்ததும் பாஸ்கர் என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எனக்கு அன்னைக்கே தெரியுங்க. ஆனா நான் வூட்டுக்குப் போவணுமில்ல?"

இறக்கம்

மறு ஞாயிறு கடையைப் பாவாவிடம் விட்டுவிட்டு நானும் குன்றுக்குப் போனேன். அந்த இறக்கத்தை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். முழங்கால் உயரத்துக்கு ஒரு பாறை, அதிலிருந்து இறங்கினால் உருட்டுக் கல்லாகவே ஒரு வளைவு. கீழே பாஸ்கர் பஞ்சும் பிளாஸ்திரியுமாக நின்றிருந்தார். மேலே டீச்சர் ஹெல்மெட் வாரை இழுத்துப் பார்த்தார், இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார், ஆனால் இறங்கி வரவில்லை. விழுந்தால் இதோடு முடிந்தது என்று மூன்று பேருக்குமே தெரியும்.

பிறகு வந்தார். பாறை விளிம்பில் முன்சக்கரம் இறங்கியது, பின்சக்கரம் இறங்கியது, ஷாக் ஒரு மூச்சு இழுத்து விட்டது, அவ்வளவுதான். உருட்டுக் கற்களில் சக்கரங்கள் குதித்தன, டீச்சர் குதிக்கவில்லை. காலை ஊனாமலே எங்களைத் தாண்டிப் போய் நின்றார். கண் நிறைந்திருந்தது. எனக்கும்தான். பாஸ்கர் பஞ்சை எடுத்து முகம் துடைத்துக்கொண்டார். டீச்சர் மறுபேச்சில்லாமல் வண்டியைத் திருப்பி மேலே தள்ளிக்கொண்டு போய், இன்னும் இரண்டு முறை இறங்கினார்.

திரும்பும் வழியில் கே.ஜி.கண்டிகையில் டீ குடிக்க நின்றோம். டீ மாஸ்டர் வெளியே வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இன்னாங்க இது, ரேஸ் வண்டியா? ஆம்பளைங்க ஓட்டறதா?" என்று பாஸ்கரைத்தான் கேட்டார். பாஸ்கர் டீயை ஒரு வாய் உறிஞ்சி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "இல்லீங்க, லேடீஸ் சைக்கிள். இதுக்கெல்லாம் கூடை வராது."

அன்றிலிருந்து எங்கள் கடையில் யார் என்ன எடை சொன்னாலும் மறுபேச்சில்லாமல் அதையே எழுதிக்கொள்கிறேன். காற்றை மட்டும் பட்டுப்புடவையையும் சேர்த்தே அடிக்கிறேன்.