ஏழு தவளைகளும் எங்கள் அண்ணனும்

போன புதன்கிழமை ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி. ரிப்பன் வெட்ட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பத்திரிகையில் வாராவாரம் எழுதுகிறவனுக்கு அறிவியலும் தெரிந்திருக்கும் என்று ஹெட்மாஸ்டருக்கு ஒரு நம்பிக்கை. வெட்டினேன். கைதட்டினார்கள். ரோஸ் மில்க் கொடுத்தார்கள்.

எரிமலை, காற்றாலை, தெர்மகோல் இதயம் எல்லாவற்றையும் தாண்டிப் போனால், கடைசி டேபிளில் ஒரு கண்ணாடி பாட்டில். உள்ளே ஒரு தவளை. துவைத்துத் துவைத்து நைந்துபோன பனியன் நிறத்தில் மிதந்துகொண்டிருந்தது.

“ஏம்மா இது இப்படி வெளுத்துப்போயிருக்கு?” என்று கேட்டேன். சீஃப் கெஸ்ட் ஏதாவது கேட்கவேண்டுமே... அதற்காகக் கேட்டதுதான்.

“மருந்துல போட்டா கலர் பூடும் சார். அது நார்மல் சார்” என்றாள் அங்கே நின்ற ஒன்பதாம் வகுப்புப் பெண்.

நாற்காலி கேட்டு உட்கார்ந்தேன். வெயில்தான் காரணம் என்று நினைத்து, பாவம், ஃபேனை என் பக்கம் திருப்பினார்கள். வெயில் இல்லை. அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த இந்த ஒரு வரி, பல வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாமல் போனது. அதனால் ஒரு மனுஷனின் வாழ்க்கை பாழானது. ஒரு உயிரினமே இல்லாமல் போனது.

ஓவராக அளக்கிறேன் என்று நினைக்கிறீர்களா? கேளுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. நான் ஆரணியில் ஒரு தனியார் கல்லூரியில் இங்கிலீஷ் வாத்தியார். அதே கல்லூரியில் விலங்கியல் லேபில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தவர் ஏகாம்பரம். தேசூர் பக்கம் ஒரு காலனி. அப்பா, அம்மா இருவரும் கூலி வேலை. அந்தத் தெருவிலேயே எம்.எஸ்ஸி. முடித்த முதல் ஆள். ரொம்பப் பேசமாட்டார். தவளையைப் பற்றிக் கேட்டால் மட்டும் நிறுத்தமாட்டார்.

“எங்க ஊர்ல ஒரு குன்னு கீது சார். உச்சில ஒரு சுனை. ஐப்பசி மழைல அந்தப் பாறை இடுக்குல ஒரு குட்டித் தவளை கத்தும். சின்ன வயசுலேர்ந்து கேட்டுகினு கீறேன். எல்லா ஊர்லயும் இருக்கும்னு நெனச்சிட்டேன் சார். படிச்சப்பறம்தான் தெரியுது... எந்த புக்குலயும் அது இல்ல.”

புது உயிரினம் என்றால் பார்த்தவுடனே கத்தி அறிவித்துவிட முடியாதாம். விரல், எலும்பு, முதுகுப் புள்ளி எல்லாவற்றையும் அளக்கவேண்டும். ஏற்கெனவே தெரிந்த தவளைகளோடு ஒப்பிடவேண்டும். அதற்குப் பேர் வைத்து, அச்சில் கொண்டுவரவேண்டும். அதுவரைக்கும், அது தினமும் தொண்டை கிழியக் கத்தினாலும், உலகத்தைப் பொறுத்தவரை அது இல்லை!

இரண்டு மழைக்காலம் அலைந்து ஏழு தவளைகளைப் பிடித்தார். வடக்கே ஒரு நகரத்தில் இருந்த தவளை நிபுணருக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார். அந்த நேரம் பார்த்து, அந்தக் குன்றைக் கல் உடைக்க விடப்போகிறார்கள் என்று ஊரில் பேச்சு கிளம்பியது.

“பேர் வெச்சிட்டா போதும் சார். உலகத்துலயே இங்க மட்டும்தான் கீதுன்னு மனு போடலாம். நிறுத்திடுவாங்க” என்றார் ஏகாம்பரம். அவ்வளவு நம்பிக்கை அவருக்கு.

அவர் குடியிருந்த வீட்டுக்காரம்மா, செத்த தவளை வீட்டுக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் ஏழு பாட்டிலும் எங்கள் வீட்டுக்கு வந்தன. வீட்டுக்குப் பின்னால் எங்கள் பெருமாள் அண்ணனின் சாயப்பட்டறை. பட்டு நூலுக்குச் சாயம் போடுவதில் ஆரணியில் அண்ணனுக்கு நல்ல பேர். சாயப் பொடி டப்பாக்கள் இருந்த ஷெல்ஃபில், பாட்டில்களுக்கும் இடம் ஒதுக்கினார். அண்ணிதான் ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை.

கடைசித் தவளையை மட்டும் ஏகாம்பரம் உயிரோடு கொண்டுவந்திருந்தார். அதன் தொடையின் உள்பக்கம் ஒரு பளீர் நிறம். அதை நோட்டில் குறித்துக்கொள்ளவேண்டும்.

“ஆரஞ்சுன்னு எழுதிக்கிட்டுமாண்ணா?” என்று அண்ணனிடம் கேட்டார்.

“ஆரஞ்சா? இன்னா தம்பி இப்டி சொல்லிட்ட!” அண்ணன் தவளையைக் கையில் வாங்கி, வாசல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “இது கனகாம்பரம். அதுல ஒரு சிட்டிகை அரக்கு. எழுதிக்கோ.”

ஏகாம்பரம் அப்படியே எழுதிக்கொண்டார். என் அண்ணன் முகத்தில் அன்றைக்கு இருந்த பெருமையை நான் மறக்கவில்லை.

சில மாதம் கழித்து நிபுணரிடமிருந்து தந்தி வந்தது. அவர் வெளிநாடு போகிறார், உடனே அனுப்பினால் கையோடு பார்த்துவிடுவார். ஏகாம்பரம் அப்போது ஊரில் இருந்தார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. எஸ்.டி.டி. பூத்திலிருந்து காலேஜுக்கு போன் போட்டார்.

“சார், ஜல்தியா பார்சல் பண்ணி அனுப்பிடுங்க சார். பஞ்சு சுத்தி வெச்சா போதும்.”

நான்தான் பேக் செய்தேன். என் கையால். பாட்டில்களை எடுத்தபோது அசந்துபோனேன். ஏழும் அப்போதுதான் சுனையிலிருந்து குதித்து வந்த மாதிரி இருந்தன. தொடையில் அந்தக் கனகாம்பரம் ஜொலித்தது. முதுகு துடைத்துவிட்டது போல் ஒரே பச்சை. ‘பரவாயில்லையே, என்ன அருமையான மருந்து!’ என்று நினைத்துக்கொண்டே பஞ்சைச் சுற்றினேன். இங்கிலீஷ் வாத்தியாருக்கு வேறென்ன தோன்றும்?

மூன்று வாரத்தில் பதில் வந்தது. நாலே வரி. இவற்றுக்குச் செயற்கையாக வண்ணம் பூசப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்ட மோசடிக்கு ஒதுக்க எனக்கு நேரம் இல்லை. இனி எனக்கு எழுதவேண்டாம். இந்தக் கடிதத்தின் நகல் கல்லூரி முதல்வருக்கும் போகிறது.

ஏகாம்பரம் அந்தக் கடிதத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்கட்டில் சாய அண்டாவுக்கு முன்னால் நின்ற அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“ஆமா, நான்தான் போட்டேன்” என்றார் அண்ணன், கையைத் துடைத்துக்கொண்டு. “அந்தப் பேஜார ஏன் கேக்கற! நாலே நாள்ல எல்லாம் சொங்கி மாதிரி வெளுத்துப்போச்சு. எனக்குத் தூக்கி வாரிப்போட்டுது. அண்டா சூட்டுல போயிடுச்சு போலன்னு நெனச்சேன். நம்பிக் குடுத்த பொருள வெளுக்க உட்டுட்டு எந்த மூஞ்சிய வெச்சிகினு திருப்பிக் குடுக்கறது? பட்டும் தோலும் ஒரே ஜாதி தம்பி. ஆசிட் சாயம் அப்டியே கவ்விக்கும். மூணு நாள் ஒக்காந்து போட்டேன். முதுகுல கறை கறையா ஏதோ இருந்துது, அதையும் மூடிட்டேன்.”

கறை! அந்த முதுகுப் புள்ளிகள்தான் அந்தத் தவளையின் அடையாளமே. இரண்டு வருஷம் ஏகாம்பரம் லென்ஸ் வைத்து எண்ணிய புள்ளிகள். புள்ளி விழுந்த பட்டைப் பார்த்தால் சாயக்காரருக்குக் கை சும்மா இருக்குமா?

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணனே கேட்டார்.

“எப்டி தம்பி, ஷேடு ஒத்துப்போச்சா?”

ஏகாம்பரம் என் கையிலிருந்த கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “ஒத்துப்போச்சுண்ணா” என்றார். “அப்டியே ஒத்துப்போச்சு.”

அண்ணன் சந்தோஷமாக அண்டாவுக்குத் திரும்பினார்.

வாசலில் ஏகாம்பரம் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அண்ணனுக்குத் தெரிய வேணாம் சார். தாங்கமாட்டாரு.”

“நான் அந்த நிபுணருக்கு எழுதறேன். நடந்தது நடந்தபடி எழுதறேன். பிரின்சிபால்கிட்டயும் சொல்றேன்” என்றேன்.

“எழுதுனா அண்ணன் பேரு வருமே சார்...” என்றார். அவ்வளவுதான் சொன்னார். எழுதாதீர்கள் என்று சொல்லவில்லை.

நான் எழுதவில்லை.

அண்ணனுக்காகத்தான் எழுதவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். பார்சல் கட்டியது நான். அது தெரிந்தால் முதல்வர் என்னையும் கூப்பிட்டு விசாரிப்பாரே என்று பயந்தேன். என் வேலை நிரந்தரமாகும் நேரம் அது. வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

அந்த மாதக் கடைசியில் ஏகாம்பரத்தை நிறுத்திவிட்டார்கள். ‘தவளைக்குப் பெயின்ட் அடித்தவன்’ என்று ஸ்டாஃப் ரூமில் சிரித்தார்கள். நானும் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மழை வரட்டும், மறுபடியும் பிடித்துவிடலாம் என்றார் அவர். மழைக்கு முன்னால் குவாரிக்காரர்கள் வந்துவிட்டார்கள். மனு எடுத்துக்கொண்டு ஒரு ஆபீஸுக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். அங்கிருந்த கிளார்க் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், பொறுமையாகப் படித்தார்.

“எந்த உயிரினம்னு பேர் போடலியே நீங்க?”

“இன்னும் பேர் வெக்கல சார்.”

“பேர் இல்லாததுக்கு எப்படிங்க மனு எழுதறது? ஒரு பேர் எழுதுங்க, இன்னிக்கே மேல அனுப்பிட்றேன்.”

ஏகாம்பரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரால் எதையாவது கிறுக்கிக் கொடுத்திருக்க முடியும். யார் சரிபார்க்கப் போகிறார்கள்? ஆனால் ஏற்கெனவே மோசடிக்காரன் என்று பேர் வாங்கிய ஆள். பேனாவை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தார்.

ஐப்பசியில் நானும் அவரோடு அந்தக் குன்றுக்குப் போனேன். நல்ல மழை. குன்றில் பாதிதான் பாக்கி இருந்தது. சுனை இருந்த இடத்தில் கல் மாவு சேறாகக் குழம்பிக் கிடந்தது. ஏகாம்பரம் குடையை மடக்கி வைத்துவிட்டு, மழையிலேயே உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டார். ஒரு மணி நேரம். மழைச் சத்தம் மட்டும்தான்.

அங்கே கல் உடைக்கும், அடிவாரக் குடிசையில் குடியிருக்கும் ஒரு அம்மா எங்களைப் பார்த்து வந்தார்.

“தவளையா? முன்ன கத்திகினு இருந்துதுங்க. ஒரே சத்தம், ராவெல்லாம் தூக்கமே இருக்காது. இந்த வருஷம்தான் நிம்மதியா படுக்கறோம்.”

ஏகாம்பரம் அழுதார். நான் அவரை அதற்கு முன்னும் பின்னும் அப்படிப் பார்த்ததில்லை. மூன்று ஐப்பசி விடாமல் போய்ப் பார்த்தார். நான்காவது ஐப்பசியில் போவதற்குக் குன்றே இல்லை. இப்போது களம்பூரில் ஒரு ரைஸ் மில்லில் நெல் ஈரம் பார்க்கும் வேலையில் இருக்கிறார். போனில் பேசுவோம். தவளையைப் பற்றி மட்டும் பேசமாட்டோம்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன்? போன தை மாதம் பெருமாள் அண்ணன் காலமாகிவிட்டார். இனி அவர் இதைப் படித்துவிடுவாரோ என்ற பயம் இல்லை.

அவர் உயிரோடு இருந்தவரை என்னை விடவில்லை. “இன்னாடா, அந்தத் தவளைக்குப் பேர் வெச்சாங்களா இல்லியா?” என்று தீபாவளிக்கு தீபாவளி கேட்பார். ஒரு வருஷம் என்னால் முடியவில்லை. வெச்சாச்சு என்று சொல்லிவிட்டேன். என்ன பேர் என்றார். நாக்கில் வந்ததைச் சொன்னேன், “ஏகாம்பரம் தவளை.” அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. பட்டு நூல் வாங்க வருகிறவர்கள், பால்காரர், சம்பந்தி வீட்டார் என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லிவைத்தார்.

உலகத்தில் ஒரே ஒரு மனுஷன்தான் அந்தத் தவளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்... அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.