உம்மாவுக்குக் கொழும்பு காட்டியது

கொழும்பு பார்க்க ஓகஸ்ட்தான் நல்ல மாதம் என்று நான் சொன்னால் கொழும்பில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அந்த வெயிலுக்குப் பயந்து அவர்கள் மலைநாட்டுக்கு ஓடுகிறவர்கள். கல்முனையில் கச்சான் காற்றைத் தின்று வளர்ந்தவர்களுக்குக் கொழும்பு வெயில் ஒரு வெயிலா? எங்கள் ஊரில் அந்த மாதம் காற்றே அடுப்படியிலிருந்து புறப்பட்டு வருவது போல இருக்கும். சிறுபோக வெள்ளாமை வெட்டி முடிந்திருக்கும். பள்ளிக்கூடமும் பூட்டியிருக்கும். எல்லாரும் வீட்டுக்குள் இருந்தால் ஆளை ஆள் கடித்துக் குதறுவோம். அதனால் வருடா வருடம் ஒரு வேனைப் பிடித்துக்கொண்டு கொழும்புக்குப் போவது என் பிடிவாதம்.

எதை எப்போது பார்க்க வேண்டும் என்பதில் என்னோடு யாரும் வாதாட முடியாது. தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் சிங்கமும் என் வீட்டுக்காரரைப் போலத்தான், எழுப்பினாலும் எழும்பாது. நூதனசாலைக்கு நடுப்பகல் நல்லது, உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசலை வெயில் சாயும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். கடைசியாகக் காலிமுகத்திடல். உண்மையைச் சொன்னால், மற்றதெல்லாம் நான் காலிமுகத்திடலுக்குப் போவதற்கான சாட்டு. அந்தப் புல்வெளியும், பட்டங்களும், இறால் வடையும், கடலுக்குள் இறங்கும் சூரியனும் எனக்கு அலுத்ததே இல்லை. எங்கள் ஊர்க் கடலில் சூரியன் ஏறும், இறங்காது.

இந்தப் பயணங்களுக்கு உம்மா ஒருமுறைகூட வந்ததில்லை. முழங்கால், பிரஷர், கோழிக்கு யார் தீன் வைப்பது என்று ஒவ்வொரு வருடமும் ஒன்று சொல்வார். போன வருடம் கண்ணில் சத்திரசிகிச்சை செய்து வெள்ளை எடுத்த பிறகு எல்லாம் பளிச்சென்று தெரிகிறது என்று சந்தோசப்பட்டுக்கொண்டிருந்தார். அந்த உற்சாகத்தில் தானாகவே கேட்டார்.

"இந்த முற நானும் வரட்டா மகள்? கண்ணத் திறந்து தந்த அல்லாஹ் பாக்கத்தானே தந்திருக்கான்."

எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆனால் அடுத்த பேச்சிலேயே நிபந்தனையும் வந்தது.

"கடலுக்கு மட்டும் என்னக் கூட்டிப் போகாத. அவ்வளவுதான்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. சுனாமியில் எங்கள் வீடு போனது. வீட்டோடு என் கடைசித் தங்கச்சியும் போனாள். அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். உடல் கிடைக்கவில்லை. மையவாடியில் அவளுக்கென்று ஒரு மீசான் கல் இல்லை, போய் நின்று ஸலாம் சொல்ல ஓரிடம் இல்லை. அதற்குப் பிறகு நாங்கள் பெரிய தெருவுக்கு மேற்கே வீடு கட்டிக்கொண்டு வந்தோம். உம்மா கடற்கரைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. தங்கச்சியின் பேச்சையும் எடுப்பதில்லை. கடற்கரையோரத்தில் கலியாண வீடு என்றால் தலையிடி வந்துவிடும். நாங்களும் அந்தத் தலையிடியை நம்பிக்கொள்வோம்.

கொழும்பில் தெமட்டகொடையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். என் வீட்டுக்காரரும் மகளும் கவலைப்பட்டது போல உம்மா களைத்துப் போகவில்லை. மிருகக்காட்சிச்சாலையில் ஒட்டகச்சிவிங்கியை அண்ணாந்து பார்த்து, "ஸுப்ஹானல்லாஹ், இதுக்குச் சளி பிடிச்சா மருந்து எங்கால பூசுற?" என்றார். சிவப்புப் பள்ளியைக் கண்டதும் நின்றுவிட்டார். அதன் சிவப்பு வெள்ளைக் கோடுகளை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு என் காதருகே வந்து, "பள்ளிக்குச் சாரன் உடுத்தி உட்ட மாதிரி இரிக்கி, அல்லாஹ் மன்னிக்கணும்" என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டார். உம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலம். அதைப் பார்த்தபோது இந்த மனுசியை இத்தனை வருடம் வீட்டில் விட்டுவிட்டு வந்தோமே என்று நினைத்துக்கொண்டேன்.

தாமரைக் கோபுரத்தின் உச்சியில் எல்லாரும் கப்பல்களைப் பார்க்கத் துறைமுகப் பக்கம் நெருக்கினார்கள். உம்மா அந்தப் பக்கம் போகவேயில்லை.

"நம்மட ஊர் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் கிழக்கே கை காட்டினார். இறங்கும்வரை உம்மா அங்கேயேதான் நின்றார், கல்முனை தெரிந்துவிடப் போவதைப் போல.

கோபுரத்திலிருந்து இறங்கியதும் மகள் தொடங்கிவிட்டாள். காலிமுகத்திடலில் பட்டம் விடாமல் ஊருக்குப் போவதா, கூட்டாளிகளுக்கு என்ன சொல்வது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நான் அதட்டினேன். உம்மாதான் தடுத்தார்.

"புள்ளைட ஆசையக் கெடுக்காத. நீங்க இறங்குங்க. நான் வேனுக்குள்ள இரிக்கன்."

அப்படித்தான் போனோம். கடல் தெரியத் தொடங்கியதும் உம்மா முக்காட்டை இழுத்து அந்தப் பக்கக் கன்னத்தை மறைத்துக்கொண்டார். வேன் தெருவோரம், புல்வெளியை ஒட்டி நின்றது. மகளும் வீட்டுக்காரரும் பட்டம் வாங்கக் கிளம்பினார்கள். நான் உம்மாவோடு உள்ளே இருந்தேன். வேனுக்குள் புழுக்கம் தாங்க முடியவில்லை. தெருவில் வாகனங்கள் அசையாமல் நின்றன.

"வீட்ட போய்ச் சேர எவ்வளவு நேரம் எடுக்கும்?" என்று உம்மா கேட்டார்.

"இந்த ட்ராஃபிக்குல எப்பிடிச் சொல்ற உம்மா?"

"அப்ப அஸர் போயிடும். கதவத் திற. வுழூ இரிக்கி, திரும்பக் கை கால் கழுவத் தேவல்ல."

பின்னேர அஸரோ வேறெதுவோ, உம்மா தொழுகையைத் தவறவிட மாட்டார் என்பது தெரிந்ததுதான். தலையைக் குனிந்தபடி இறங்கினார். தொழுகை விரிப்பான முசல்லாவைப் புல்லில் விரித்தார். விரித்துவிட்டு வேனைப் பார்த்தபடி நின்றார். கடல் அவருடைய முதுகுப் பக்கம் இருந்தது.

ஊரில் நாங்கள் எல்லாரும் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் தொழுவோம். கடல் கிழக்கே, தொழும் திசையான கிப்லா மேற்கே. எங்கள் ஊரில் பிறந்த ஒருவரைக் கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் விட்டாலும் அலைச் சத்தத்தைக் கேட்டே கிப்லாவைச் சொல்லிவிடுவார். உம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை, சத்தத்தைக் கேட்டார், பழக்கத்துக்கு முதுகைத் திருப்பிவிட்டார். ஆனால் கொழும்பில் கடல் மேற்கில் இருக்கிறது. இங்கே கிப்லா கடலுக்கு மேலால்.

பட்டத்தோடு திரும்பி வந்த வீட்டுக்காரரும் கண்டுவிட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கிசுகிசுத்தார்.

"இஞ்ச பாரு, சொல்லாத. தெரியாமத் தொழுதா குத்தமில்ல."

"தெரிஞ்ச நமக்கு?" என்றேன்.

வேனை இங்கே நிறுத்தச் சொன்ன அவர்மேல் கோபம் வந்தது. பட்டம் கேட்ட மகள்மேல் வந்தது. கடலைப் பிழையான பக்கத்தில் வைத்திருக்கும் கொழும்பின்மேலும் வந்தது. உலகத்தில் எல்லாருடைய பிழையையும் திருத்துகிற எனக்கு அன்றைக்கு வாய் எழும்பவில்லை. உம்மாவின் தொழுகை சரியாக இருக்க வேண்டும். உம்மாவும் சரியாக இருக்க வேண்டும். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று தெரியாமல் நின்றேன்.

உம்மா தக்பீர் கட்டக் கையை உயர்த்தினார். உயர்த்திய கை அப்படியே நின்றது. குனிந்து முசல்லாவைப் பார்த்தார்.

"மகள், நிழல் ஏன் முன்னுக்கு விழுகுது? அஸருக்கு வெயில் முகத்துலதானே அடிக்கணும்?"

இனிப் பொய் சொல்ல ஏலாது. "உம்மா, இவடத்த கடல் மேக்கால இரிக்கி. கிப்லா அந்தப் பக்கம்."

நான் கை காட்டிய பக்கம் அவர் பார்க்கவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன.

"வேனுக்குள்ள இருந்து தொழுங்களேன் உம்மா."

"வேனுக்குள்ள எண்டாலும் அந்தப் பக்கந்தானே."

"அப்ப நான் முன்னால நிக்கட்டா? மறைச்சிக்குவன்."

உம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தொழுறவளுக்கு முன்னால வந்து நிக்கிறயா? ஓதிப் படிச்ச புள்ள. தள்ளி நில்லு."

குனிந்து முசல்லாவைத் தானே எடுத்தார், தானே திருப்பி விரித்தார். கண்கள் நிலத்தை விட்டு எழவில்லை. "அல்லாஹு அக்பர்" என்ற சத்தம் எனக்குக் கேட்டது. வழக்கமாக உம்மா தொழும்போது பக்கத்தில் இருப்பவருக்கும் எதுவும் கேட்காது. அன்றைக்கு ஒவ்வொரு தக்பீரும் கேட்டது. நெற்றி நிலத்தில் பட ஸுஜூதில் நெடுநேரம் கிடந்தார். நான் இரண்டு தடவை காலை எடுத்து வைத்து, மீண்டும் பின்வாங்கினேன்.

ஸலாம் கொடுத்து முடித்து, துஆவுக்குக் கையேந்தியபோதுதான் தலையை நிமிர்த்தினார். நேரே பார்த்தார். கடல் அதன்பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. உம்மா விழுந்துவிடுவார், கத்துவார் என்று நான் பக்கத்தில் போய்க் குந்தினேன். அவர் ஏந்திய கையை இறக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். கன்னத்தில் கண்ணீர் ஓடியது, அதைத் துடைக்கவும் இல்லை. பிறகு கடலோடு கதைப்பது போல மெதுவாகச் சொன்னார்.

"இத்தின காலமும் என்ட புள்ளைக்கு முதுகக் காட்டிக்கிட்டுத்தான் அவளுக்குத் துஆக் கேட்டிருக்கன்."

"அது கிப்லா உம்மா. நாம வேணுமெண்டேயா திரும்பின?"

"ஓம். தொழுறது அப்பிடித்தான். தொழுது முடிச்சிட்டுத் திரும்பலாந்தானே? அத ஆரு வேணாமெண்ட?"

இப்போது ஊரில் அஸர் தொழுதுவிட்டு உம்மா உடனே எழும்புவதில்லை. ஸலாம் கொடுத்ததும் முசல்லாவிலிருந்தபடியே நிலத்தில் கையை ஊன்றி, முழங்கால் நோவோடு, மெல்ல மெல்லக் கிழக்கே திரும்பி உட்காருகிறார். எதிரே எங்கள் அறைச் சுவர்தான் இருக்கிறது. அதைப் பார்த்துக் கையேந்துகிறார்.