அப்பா விழவேண்டிய இடம்

எடமலைப்பட்டி புதூரில் எங்கள் கோயில் வாசலில், சிலுவைப் பாதைக்கான மரச்சிலுவைக்கு வார்னிஷ் அடித்துக் காயவைத்திருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா வெங்காய மண்டியில் லோடுமேன். நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு பெரிய வெள்ளிக்கிழமை, தெருவில் சிலுவை சுமக்கும் முறை அவருக்கு வந்தது. வெங்காய மூட்டையைவிட அது லேசு. தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். பாட்டுப் பாடியவர்கள் மூச்சு வாங்கப் பின்னால் ஓடினார்கள்.

"கொஞ்சம் தள்ளாடுங்க!" என்று ஜெபம் சொல்லி நடத்திவந்த உபதேசியார் கெஞ்சினார். "இந்த இடத்துலதான் ஆண்டவர் விழுந்தாரு. நீங்களும் விழணும்."

அப்பா திகைத்து நின்றார். தெருவோரத்தில், நெற்றி நிறையத் திருநீறோடு மண்டி முதலாளி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு பாக்குறாருங்க. இதைப் போட்டுட்டு விழுந்தா நாளைக்கு வேலை குடுப்பாரா?"

கூட்டத்திலிருந்து அம்மா கத்தினாள். "ஆண்டவரே விழுந்திருக்காரு, உங்களுக்கு என்ன பெரிய கௌரவம்? விழுந்து தொலைங்க!"

அப்பா கண்ணை மூடிக்கொண்டு தொப்பென்று விழுந்தார்.

ஒருநாளும் மூட்டையைத் தொடாத முதலாளி, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து சிலுவையின் மறுமுனையைத் தூக்கினார். "எந்திரிப்பா, நாளைக்கு லாரி வருது" என்றார்.

சிலுவை சுமக்க இயேசுவுக்குச் சீமோன் கைகொடுக்கும் கட்டம் வந்தால், இன்றும் எனக்கு அந்த முதலாளியின் முகம்தான் தெரிகிறது. சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்துகொள்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் அதைப் பக்தி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதுவும் பொய்யில்லை.