நூர்க்க முடியாத வெளிச்சம்

மோட்டார் சைக்கிளின் தலைவிளக்கு பழுது என்று நான் சொன்னது பொய். மகள் அதை நம்பிவிட்டாள். அதனால்தான் நான் கராஜ்வரை போய் நிற்க வேண்டி வந்தது.

போன மார்கழியில், இருட்டத் தொடங்கிய ஒரு மைம்மல் பொழுது. அச்சுவேலியில் ரியூசன் முடிந்த மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு உரும்பிராய்க்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில் தோட்டவெளிகளுக்கு நடுவே தெரு வளைகிற ஒரு முடக்கு இருக்கிறது. சண்டைக் காலத்தில் இராணுவத்தினர் அதில் சென்ரி போட்டிருந்தார்கள். மண்மூட்டை அடுக்கிய காவலரண். வாகனத்தில் வருகிறவர்கள் ஐம்பது மீற்றர் தூரத்திலேயே விளக்கை நூர்த்து, இருட்டிலேயே இறங்கி, உருட்டிக்கொண்டுதான் அதைக் கடக்க வேண்டும். சென்ரியை எடுத்துப் பல வருடமாகிவிட்டது. மண்மூட்டை இருந்த இடத்தில் இப்போது யாரோ மரவள்ளி நட்டிருக்கிறார்கள். ஆனாலும் அந்த இடம் வந்தால் என் பெருவிரல் என்னைக் கேளாமலே போய் விளக்கை நூர்த்துவிடும்.

அன்றும் நூர்த்தது. எதிரே சைக்கிளில் புல்லுக்கட்டோடு வந்த ஒரு பெண் எங்கள் முன்சில்லுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தார். நல்லகாலம், காயமில்லை. வாய்க்கும் ஒரு குறையுமில்லை.

"லைற்றை நூத்துப்போட்டு வாறியே, உனக்கென்ன விசரோ?"

பிழை என்னுடையது. புல்லைப் பொறுக்கிக் கட்டிக் கொடுத்தேன். மகள் சைக்கிளை நிமிர்த்திப் பிடித்தாள்.

"ஏனப்பா நூத்தனீங்கள்?"

"நான் நூக்கேல்லைப் பிள்ளை. பல்ப் லூஸ்."

மறுநாள் சனிக்கிழமை. காலையிலேயே என்னைக் கராஜுக்கு இழுத்துக்கொண்டு போனாள். மெக்கானிக் விளக்கைப் போட்டான், நூர்த்தான், தட்டினான், மறுபடி போட்டான்.

"பல்ப் நல்லாத்தானே இருக்கு அண்ணை?"

"இல்லை, நேற்று நடுறோட்டிலை நூந்தது. புதுசு போடுங்கோ" என்றாள் மகள்.

அவன் இரண்டு பல்ப்புகளை எடுத்து மேசையில் வைத்தான். "எல்.ஈ.டி எண்டா வெள்ளை வெளிச்சம், கனதூரம் அடிக்கும். பற்றரியைத் தின்னாது. ஹலோஜன் மஞ்சள். மழைக்கு நல்லது, ஆனாச் சூடு. உங்கடை பழைய பற்றரி அதுக்குத் தாங்காது." பிறகு, ஏதோ நல்ல செய்தி சொல்பவன் போலச் சொன்னான். "எல்.ஈ.டி போட்டா சுவிச்சே தேவையில்லை அண்ணை. இப்ப வாற புதுப் பைக்குகள் மாதிரி நேரை வயர் குடுத்துவிடுறன். ஸ்ராட் பண்ணினா எரியும், நிப்பாட்டினாத்தான் நூரும்."

விளக்கு எரிய எரிய அந்த முடக்கைக் கடப்பதா? ஹலோஜனுக்காகக் கால் மணித்தியாலம் வாதாடினேன். மழைக்கு மஞ்சள்தான் சரி, பனிக்கு மஞ்சள்தான் சரி, வெள்ளை வெளிச்சம் எதிரே வருகிறவனின் கண்ணைக் குருடாக்கும். சொன்னது ஒன்றும் பொய்யில்லை. ஆனால் எனக்கு வேண்டியிருந்தது மஞ்சள் வெளிச்சமில்லை, அந்தச் சுவிச்.

ஏனென்று மகளிடம் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன். சென்ரி இருந்த காலத்தில் எனக்குப் பத்தொன்பது வயது. அண்ணனுடைய மோட்டார் சைக்கிளை அவனிடம் கெஞ்சி வாங்கி நான் ஓட்டினேன். அவன் பின்னால் இருந்தான். ஓட்டக் கிடைத்த புளுகத்தில், அந்தச் சந்தோசத்தில், விளக்கை நூர்க்க மறந்துவிட்டேன். வெளிச்சம் நேரே சென்ரிக்குள் அடித்தது. கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். கண் கூசியதில் ஓட்டியது யார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அண்ணன் குதித்திறங்கி ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், தானே ஓட்டியதாகச் சொன்னான். அவனை நிறுத்திவைத்துவிட்டு என்னைப் போகச் சொன்னார்கள்.

"நீ உருட்டிக்கொண்டு போ. நான் பின்னாலை வாறன்" என்றான்.

வரவில்லை. அம்மா முகாம் முகாமாக ஏறி இறங்கினார். அப்படி ஒருவரைப் பிடிக்கவேயில்லை என்றார்கள். ஓட்டியது அண்ணன், நூர்க்க மறந்ததும் அண்ணன் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். மகளுக்கும் அந்தக் கதைதான் தெரியும். சாகும்வரை அம்மா அவனுடைய மறதியைத் திட்டித் திட்டி அழுதார். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் போல ஒரு கோழை இந்த ஊரில் இருக்கமாட்டான்.

இன்னொன்றும் உண்டு. விளக்கை நூர்த்து அந்த முடக்கைக் கடக்கும்போது, தனியே போனாலும் பின்சீற்றில் ஒரு பாரம் தெரியும். முதுகில் மூச்சுப் படும். எனக்கு அது பயம். அது இல்லாமல் போய்விடுமோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

"அப்பா, நேற்று அந்த மனிசிக்குத் தலை அடிபட்டிருந்தா?" என்று மகள் கேட்டாள்.

எல்.ஈ.டியைப் போடச் சொன்னேன். சுவிச்சுக்குப் போகும் வயரை அவன் வெட்டும்போது நான் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று பின்னேரமும் ரியூசன் இருந்தது. திரும்பி வரும்போது மைம்மலாகிவிட்டது. முடக்கு வந்தது. பெருவிரல் போய்ச் சுவிச்சை அமத்தியது. வெளிச்சம் அப்படியே நின்றது. திரும்பவும் அமத்தினேன். மரவள்ளி இலைகளும் வேலிக் கம்பிகளும் பின்னால் கிடந்த செம்மண்ணும் பட்டப்பகல் போலத் தெரிந்தன. எஞ்சினை நிறுத்தாமல் ஓரமாக நின்றேன்.

யாராவது கத்திக்கொண்டு ஓடி வரட்டும் என்று நின்றேன். வந்தால் அவர்களிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி இருந்தது. வெளிச்சம் அடித்தபடியே இருந்தது. ஒருவரும் வரவில்லை.

"ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள் அப்பா?"

"உன்ரை பெரியப்பாவை" என்றேன். "அண்டைக்கு ஓட்டினது நான்தான் பிள்ளை."